கணவர் அமெரிக்காவில், கடதாசி வேலை மலையகத்தில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் இருக்கும் கணவரிடம் போக விசாவுக்குக் காத்திருக்கும் மலையக வாசகிகளின் கேள்விகள் இம்முறை. ஊர்களை மட்டும் தந்திருக்கிறோம், பெயர்களைத் தவிர்த்துவிட்டோம். அமெரிக்கக் குடிவரவுச் சேவையின் கட்டணங்கள் 2024 ஏப்ரலில் மாற்றப்பட்ட பட்டியலின்படி உள்ளவை. பணம் கட்டும் நாளில் அமெரிக்க அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன் வாசகி: போன மாதம் பதிவுத் திருமணம் முடிந்தது. கணவர் அமெரிக்கப் பிரஜை, திரும்பிப் போய்விட்டார். எங்கே தொடங்குவது? மொத்தம் எவ்வளவு செலவாகும்?

தொடங்க வேண்டியவர் அவர். ஐ-130 என்ற மனுவை அமெரிக்கக் குடிவரவுச் சேவைக்கு அனுப்ப வேண்டும். இணையத்தில் என்றால் 625 டொலர், கடதாசியில் என்றால் 675. கூடவே ஐ-130ஏ என்ற படிவம் போகும். அதில் கடைசி ஐந்து வருடங்களில் நீங்கள் இருந்த முகவரிகளும் செய்த வேலைகளும் கேட்கப்படும். அவர் அதைத் தன் ஞாபகத்திலிருந்து நிரப்ப விடாதீர்கள். நீங்களே எழுதிக் கொடுங்கள். பின்னால் நீங்கள் நிரப்பும் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தோடு அது பொருந்தாவிட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

மனு அனுமதிக்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா நிலையத்துக்குப் போகும். அங்கே விசாக் கட்டணம் 325 டொலர், உங்கள் செலவைப் பார்த்துக்கொள்வேன் என்று கணவர் தரும் பொறுப்பேற்புப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120 டொலர். எல்லா ஆவணங்களையும் ஸ்கேன் செய்து ஏற்றி, அவை ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகே கொழும்பு அமெரிக்கத் தூதரக நேர்முகத்துக்குத் திகதி வரும். விசா கிடைத்த பின், பயணத்துக்கு முன், கிரீன் கார்டு என்ற நிரந்தர வதிவு அட்டைக்காக இன்னும் 235 டொலர். இணைய மனு என்றால் அமெரிக்க அரசுக்கு மட்டும் மொத்தம் 1,305 டொலர். மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் அறிக்கை, மொழிபெயர்ப்பு, கொழும்புப் பயணம் எல்லாம் இதற்கு வெளியே.

காலம் ஒரு வருடத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசா கையில் வரும் முன் வேலையை விடாதீர்கள், விமான டிக்கெட் எடுக்காதீர்கள். அமெரிக்கப் பக்கத்துத் தாமதத்தை நாம் குறைக்க முடியாது. நம் பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் உள்ள பிழைகளால் வரும் தாமதத்தைக் குறைக்கலாம். அந்த வேலையை இன்றே தொடங்குங்கள்.

தலவாக்கலை வாசகி: பிறப்புச் சான்றிதழில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அடையாள அட்டையில் அப்பா பெயரும் சேர்ந்திருக்கிறது, எழுத்தும் வேறு. பாஸ்போட்டில் ஒரே பெயர். இதனால் சிக்கல் வருமா?

வரும். எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான்.

தோட்டத்துப் பிறப்புகள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகம் அனுப்பிய அறிக்கையைக் கொண்டு பதியப்பட்டவை. வீட்டில் கூப்பிட்ட பெயர், எழுதியவர் காதில் விழுந்த பெயர், பள்ளிக்கூடத்தில் சேர்த்த பெயர் என்று ஒருவருக்கே மூன்று பெயர் இருக்கும். சிங்களத்தில் பதிந்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போகும்போது எழுத்து இன்னொரு முறை மாறும். பிறந்த திகதியும் சில வேளை நாட்கணக்கில் தள்ளிப் போயிருக்கும்.

எழுத்துக் கூட்டலில் சின்ன வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, கோப்போடு வைக்கலாம். பெயரே வேறு, பிறந்த வருடம் வேறு என்றால் அது போதாது. பிறப்புப் பதிவையே திருத்த வேண்டும். பிறப்பு பதியப்பட்ட பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் அது, கிளினிக் அட்டை போன்ற பழைய ஆதாரங்களை எடுத்துப் போங்கள். எவ்வளவு பழையதோ அவ்வளவு பலம். திருத்தும் வரிசையும் முக்கியம்: முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு அடையாள அட்டை, கடைசியில் பாஸ்போட். பாஸ்போட்டை அவசரமாக முதலில் மாற்றியவர்கள் அதையே இரண்டாம் முறையும் மாற்ற வேண்டி வந்திருக்கிறது.

பாஸ்போட்டில் ஒரே பெயர் இருப்பது தனிப் பிரச்சினை. அப்படியானால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகவும், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்றும் அச்சாகும். முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. விசா மறுக்கப்படாது. ஆனால் அதே எழுத்துகள் கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை, வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரம் என்று உங்களைத் தொடரும். முடிந்தால் அப்பா பெயரையும் சேர்த்து இரு பகுதிப் பெயரோடு பாஸ்போட் எடுத்த பிறகே டிஎஸ்-260 நிரப்புங்கள்.

கணவர் பெயரைச் சேர்க்கவா என்றும் பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. கோப்பு நடந்துகொண்டிருக்கும்போது பெயரை மாற்றினால் இன்னொரு முரண்பாடுதான் மிஞ்சும்.

இன்னொன்று. பழைய சான்றிதழ்களில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கூட்டில் 'இல்லை' என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் கூச்சப்பட்டு அந்தப் பிரதியையே தராமல் விடுகிறார்கள். நம் பாட்டன் பாட்டி காலத்தில் தாலி கட்டினார்கள், பதிவுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். உங்கள் கணவர் உங்களுக்காகப் போடும் மனுவுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

பண்டாரவளை வாசகி: கோயிலில் தாலி கட்டியது தை மாதம். பதிவு செய்தது ஆனியில். படிவத்தில் எந்தத் திகதி?

பதிவுத் திகதி, எல்லாப் படிவத்திலும் அதே திகதி. கோயில் திகதியை நேர்முகத்தில் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். படங்களில் இரண்டு நிகழ்வும் இருப்பது நல்லது.

இந்தத் திகதிக்கு இன்னொரு பயன் உண்டு. அமெரிக்காவில் இறங்கும் நாளில் பதிவு முடிந்து இரண்டு வருடம் ஆகாவிட்டால் இரண்டு வருட நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் பத்து வருடக் கார்டு. விசா முடியும் திகதிக்குள் பயணத்தைச் சில வாரம் தள்ளிப்போட்டு அந்த இரண்டு வருடத்தைத் தாண்ட முடியுமென்றால் தள்ளிப்போடுங்கள். இறங்கும் இடத்தில் அதிகாரியிடம் விவாகச் சான்றிதழைக் காட்டிச் சொல்லுங்கள். நிபந்தனையை நீக்கப் பின்னால் செய்ய வேண்டிய ஒரு பெரிய விண்ணப்பம் மிச்சமாகும்.

மாப்பிள்ளை வீடியோவில் இருக்க இங்கே தாலி கட்டிய திருமணங்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். இருவரும் ஒரே இடத்தில் நின்று செய்யாத திருமணத்தை, அதன் பின் இருவரும் நேரில் சேர்ந்து வாழ்ந்தால் தவிர, அமெரிக்கச் சட்டம் ஏற்பதில்லை. இருவரில் யாருக்காவது முன் திருமணம் இருந்து இலங்கை நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகியிருந்தால், முதலில் வரும் டிக்ரீ நைசை என்ற இடைக்கால ஆணை போதாது. மூன்று மாதம் கழித்து வரும் டிக்ரீ அப்சலூட் என்ற முடிவான ஆணை தேவை. அந்த இடைவெளிக்குள் செய்த இரண்டாம் பதிவு செல்லாது. அந்த ஒரு காரணத்தால் மனு முழுவதும் விழுந்துவிடும்.

நுவரெலியா வாசகி: கணவரிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது. சீக்கிரம் சிட்டிசன் ஆகப் போகிறார். முதல் திருமணத்தில் எனக்கு 11 வயதில் ஒரு மகள். அவளையும் ஒரே மனுவில் கூட்டிப்போகலாமா?

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாக வாசியுங்கள்.

கிரீன் கார்டுக்காரரின் மனைவிக்கான விசா வகுப்பு எஃப்2ஏ. வருடாந்த எண்ணிக்கைக்கு எல்லை உள்ளதால் வரிசையில் நிற்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில், மனு போட்ட திகதியை வைத்து உங்கள் முறை வந்ததா என்று பார்க்கலாம். இந்த வகுப்பில் 21 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத பிள்ளை தாயின் மனுவோடு சேர்ந்தே போகலாம்.

அவர் பிரஜை ஆனதும் உங்களுக்கு வரிசை இல்லை. ஆனால் மகள் அந்த மனுவிலிருந்து விழுந்துவிடுவாள், ஏனெனில் பிரஜையின் மனைவிக்கான மனுவில் பிள்ளைக்கு ஒட்டி வரும் உரிமை கிடையாது. மகளுக்குத் தனி ஐ-130, தனிக் கட்டணம். மகளுக்கு 18 வயது ஆகும் முன் உங்கள் திருமணம் நடந்திருப்பதால் மாற்றாந்தந்தை என்ற முறையில் அவர் போடலாம். சிட்டிசன் ஆனதைத் தேசிய விசா நிலையத்துக்கு அறிவிக்கும் அதே வாரத்தில் மகளின் மனுவும் போக வேண்டும். இதைத் தவறவிட்டால் தாய்க்கு விசா வந்த பிறகும் பிள்ளை இங்கே பாட்டியோடு காத்திருக்க வேண்டி வரும்.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இலங்கைப் பாஸ்போட் எடுக்கத் தந்தையின் சம்மதமும் கேட்கப்படும். அவர் எங்கே என்று தெரியாது என்றால் பிள்ளையின் பாதுகாப்புரிமை பற்றிய நீதிமன்றக் கட்டளைக்கு இப்போதே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கடைசி மாதத்தில் அது நடக்காது.

மஸ்கெலியா வாசகி: கணவருக்குச் சம்பளம் குறைவு. விசா மறுப்பார்களா?

கணவர் ஐ-864 என்ற பொறுப்பேற்புப் பத்திரம் தர வேண்டும். வருமானம், அமெரிக்க வறுமைக் கோட்டின் 125 வீதத்துக்குக் குறையக் கூடாது. 2025 கணக்கில் இருவர் குடும்பத்துக்கு வருடம் 26,437 டொலர், நால்வருக்கு 40,187. இந்தத் தொகை வருடந்தோறும் மாறும். தலைகளை எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். அவர், நீங்கள், அவரில் தங்கியிருக்கும் பிள்ளைகள் ஆகியோரோடு, முன்னர் இதே பத்திரம் கொடுத்து அவர் கூப்பிட்ட தாய் தகப்பனும் கணக்கில் வரலாம்.

குறைந்தால் கூட்டுப் பொறுப்பாளர் ஒருவரைச் சேர்க்கலாம். அவர் அமெரிக்காவில் வசிக்கும், 18 வயது தாண்டிய பிரஜையாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தால் போதும், உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கணவர் தன் ஐ-864ஐத் தந்தே ஆக வேண்டும். கையில் காசாகச் சம்பளம் வாங்கி வரி காட்டாதவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஆதாரமாகப் பார்க்கப்படுவது முதலில் வரிக் கணக்கு.

பதுளை வாசகி: 17 வயதில் ஏஜென்சிக்காரர் வயதைக் கூட்டிப் பாஸ்போட் எடுத்து என்னைக் குவைத்துக்கு அனுப்பினார். மூன்று வருடம் வேலை செய்தேன். அதைச் சொல்லாமல் விடலாமா?

விடக் கூடாது. உங்கள் பயம் எங்களுக்குப் புரிகிறது. அந்த வயதில் உங்களை அனுப்பியவர் செய்தது உங்கள் குற்றமாகப் பார்க்கப்பட வேண்டியதல்ல. ஆனால் இன்று அமெரிக்கப் படிவத்தில் மறைத்தால் அது உங்கள் பொய்யாகிவிடும். முக்கியமான ஒன்றை மறைத்து விசா கேட்டதாக முடிவானால் வாழ்நாள் தடை விழும். அதைத் தளர்த்த ஐ-601 என்ற வேறொரு மனு, வேறொரு காத்திருப்பு.

டிஎஸ்-260, 16 வயதிலிருந்து வாழ்ந்த எல்லா இடங்களையும், பயன்படுத்திய மற்றப் பெயர்களையும் கேட்கும். பழைய பாஸ்போட்டின் பெயரையும் குவைத் காலத்தையும் எழுதுங்கள். வயது மாறியது எப்படி என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, சரியான பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். உங்கள் விடயத்தில், படிவம் போகும் முன் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கணவர் ஒருமுறை ஆலோசனை பெறுவது காசுக்குத் தகுந்த செலவு.

16 வயதுக்குப் பின் ஒரு வருடமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு வெளிநாட்டிலிருந்தும் பொலிஸ் அறிக்கை தேவை. கைதாகியிருந்தால் எவ்வளவு குறுகிய காலம் என்றாலும் தேவை. எந்த நாட்டு அறிக்கையை எப்படி எடுப்பது, எது எடுக்க முடியாதது என்று வெளியுறவுத் திணைக்களத்தின் நாடுவாரிப் பக்கங்களில் எழுதியிருக்கும். இலங்கை அறிக்கைக்குப் பொலிஸ் தலைமையகத்துக்கு இணையவழி விண்ணப்பிக்கலாம். கொழும்பில் வீட்டு வேலையோ கடை வேலையோ செய்த காலத்து முகவரிகளையும் அதில் சேருங்கள்.

வெலிமடை வாசகி: 2025 நவம்பர் டித்வா புயலில் வீட்டோடு எல்லாப் பத்திரங்களும் மண்ணுக்குள் போய்விட்டன.

உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறோம். பத்திரங்களை மீட்கலாம். பிறப்பு, விவாகப் பதிவுகளின் மூலம் அரசிடம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பெயரும் ஏறக்குறைய திகதியும் கொடுத்துத் தேடச் சொல்லலாம். பதிவே இல்லை என்று வந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் ஓர் ஆவணம். பாஸ்போட்டும் அடையாள அட்டையும் தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும். திருமணப் படங்கள் படம் எடுத்தவரிடமும் உறவினர் போன்களிலும் இருக்கும், இன்றே கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

தமிழ், சிங்களப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மொழிபெயர்ப்பாளரிடம், பாஸ்போட்டைக் காட்டி, பெயர் எழுத்து அதன்படி இருக்கச் சொல்லிக் கொடுங்கள். வெளிநாட்டு அமைச்சின் முத்திரை அமெரிக்க விசாவுக்குக் கேட்கப்படுவதில்லை, அதற்குச் செலவழிக்காதீர்கள்.

கொட்டகலை வாசகி: சின்ன வயதில் எனக்குக் காசநோய் வந்து சுகமானது. மெடிக்கலில் பெயில் ஆகுமா?

சுகமான காசநோய்க்காக விசா மறுக்கப்படாது. தாமதம் ஆகலாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தால் அடுத்தடுத்த மூன்று நாட்களில் சளி மாதிரி எடுப்பார்கள். அதை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் செல்லும். ஆகவே மெடிக்கலுக்குப் போகும்போது கொழும்பில் மூன்று நான்கு நாள் தங்கும் ஏற்பாட்டோடு போங்கள். முன்பு சிகிச்சை பெற்ற மாவட்ட மார்புநோய் கிளினிக்கின் பதிவு, பழைய எக்ஸ்ரே, தடுப்பூசி அட்டை மூன்றையும் தேடி எடுங்கள். தூதரகம் அங்கீகரித்த வைத்தியரிடம் செய்ததுதான் செல்லும். கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பொகவந்தலாவை வாசகி: பேசி முடித்த கல்யாணம். அவர் மூன்று வாரம்தான் இங்கே இருந்தார். நேர்முகத்தில் நம்புவார்களா? நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வீட்டு இலக்கமும் இல்லை.

பேசி முடிக்கும் திருமணம் கொழும்பில் இருக்கும் விசா அதிகாரிக்குப் புதிதல்ல. அவர் பார்ப்பது நீங்கள் இருவரும் உண்மையில் குடும்பம் நடத்தப் போகிறவர்களா என்பதை. சம்பந்தம் யார் மூலம் வந்தது, பொண்ணு பார்க்க யார் வந்தார்கள், அவர் என்ன வேலை, யாரோடு இருக்கிறார், முன்பு திருமணம் ஆனவரா, எத்தனை முறை வந்தார் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்யாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் விசா போகாது. ஊகித்துச் சொன்ன பதில் கோப்போடு முரண்படும்போதுதான் சந்தேகம் வரும். தமிழில் பேச விரும்பினால் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

கனமான ஆதாரங்கள் இவை: அவருடைய பாஸ்போட் முத்திரை, விமான அட்டை, இரு குடும்பமும் நிற்கும் படங்கள், அழைப்பிதழ், மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கமாக எடுத்த வட்ஸ்அப் உரையாடல், வங்கி வழியாக வந்த பணம். வங்கி இல்லாமல் ஆள் மூலம் உண்டியலில் வரும் காசுக்குப் பத்திரம் கிடையாது. சிறு தொகையானாலும் வங்கியில் உங்கள் பெயருக்குப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் அவர் இன்னொரு முறை வந்துபோவதைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

முகவரிக்குத் தோட்டம், டிவிஷன், லயத்தின் இலக்கம், தபாலகம் என்று ஒரே ஒழுங்கில் எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். கிராம சேவகர் சான்றிதழும் அதே மாதிரி இருக்கட்டும். தபாலைவிட மின்னஞ்சல்தான் இங்கே முக்கியம். இணையத்தில் உள்ள விசாக் கோப்பின் கடவுச்சொல் உங்களிடமும் இருக்க வேண்டும். கணவரிடமோ ஏஜென்சியிடமோ மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

நேர்முகத்துக்கு முதல் நாளே கொழும்பில் இருங்கள். மழைக் காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் இரவு பஸ்ஸை நம்ப முடியாது. ஏதாவது ஆவணம் குறைந்தால் 221-ஜி என்ற கடதாசி தருவார்கள். அது முடிவான மறுப்பல்ல. கேட்டதை ஒரு வருடத்துக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகும்.

கண்டி வாசகி: தூதரகத்தில் ஆள் இருப்பதாகவும், எட்டு இலட்சம் தந்தால் சீக்கிரம் எடுத்துத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். வரிசையை முந்த யாராலும் முடியாது. அவர் சேர்க்கும் ஒரு போலிப் பத்திரத்துக்கும் கையெழுத்துப் போட்ட நீங்களே பொறுப்பு.

ராகலை வாசகி: அங்கே போனபின் ஒத்துவராவிட்டால் கணவர் என்னைத் திருப்பி அனுப்ப முடியுமா?

முடியாது. இதை ஒவ்வொரு பெண்ணும் விமானம் ஏறும் முன் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இறங்கிய நாளிலிருந்து நிரந்தர வதிவாளர். பாஸ்போட்டில் உள்ள குடிவரவு விசா, நுழைவு முத்திரையோடு ஒரு வருடத்துக்கு கிரீன் கார்டாகவே செல்லும், அதைக் காட்டி வேலைக்குப் போகலாம். பாஸ்போட்டும் கார்டும் உங்களுடையவை. அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளக் கணவருக்கும் மாமியாருக்கும் உரிமை இல்லை.

இரண்டு வருடக் கார்டு என்றால் அது முடியும் திகதிக்கு முந்திய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட வேண்டும், கட்டணம் 750 டொலர். மனதார நடந்த திருமணம் விவாகரத்தில் முடிந்திருந்தாலோ, அடி உதை, கொடுமை இருந்தாலோ, அவர் கையெழுத்து இல்லாமல் நீங்கள் தனியே போடலாம். அதற்காகவே வீட்டு வாடகைப் பத்திரம், கூட்டு வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை முதல் மாதத்திலிருந்து சேர்த்து வையுங்கள். விவாகரத்தானாலும் ஐ-864இல் அவர் ஏற்ற பொறுப்பு நீங்காது.

உடனடி ஆபத்துக்கு 911. வீட்டு வன்முறைக்கான தேசிய உதவி இலக்கம் 1-800-799-7233, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இந்த இலக்கத்தை அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.

லிந்துலை வாசகி: கைப்பையில் என்ன, பெட்டியில் என்ன?

பாஸ்போட், தூதரகம் தரும் பொதி இருந்தால் அதைப் பிரிக்காமல், எக்ஸ்ரே, எல்லாச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகள், தடுப்பூசிப் பதிவு எல்லாம் கைப்பையில். தேயிலை, மிளகாய்த்தூள் பெட்டியில் போகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி வேண்டாம். எடுத்து வீசுவதோடு தண்டமும் விழலாம். உணவு ஏதும் இருந்தால் படிவத்தில் உண்டு என்று சொல்லிவிடுங்கள். போய் வீடு மாறினால் பத்து நாளுக்குள் புதிய முகவரியைக் குடிவரவுச் சேவைக்கு இணையத்தில் அறிவியுங்கள், கிரீன் கார்டு தபாலில்தான் வரும்.